குழந்தை அசந்து தூங்குகிறதா, மருந்து மயக்கத்தில் கிடக்கிறதா? கண்டுபிடிப்பது எப்படி, உடனே என்ன செய்யணும்?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் பல வீடுகளில் காலை எட்டு மணிக்கெல்லாம் பெரியவர்கள் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். தறி, நூற்பாலை, கரிமூட்டம், நூறு நாள் வேலை என்று ஆளுக்கொரு திசை. வீட்டில் இருப்பது பாட்டியும் பேரப்பிள்ளையும்தான். பாட்டியின் சுருக்குப்பையில் வெற்றிலை, சில்லறையோடு பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாமே இருக்கும்.

இரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சுருக்குப்பைதான் விளையாட்டுச் சாமான். மதியம் பிள்ளை தூங்குது. "வெயிலுக்கு அசந்து தூங்குறான், எழுப்பாதீங்க" என்று விட்டுவிடுகிறோம். சாயங்காலமும் எழுந்திருக்கவில்லை என்றால்தான் பயம் வருகிறது. அதற்குள் சில மணி நேரம் போயிருக்கும்.

தூக்கம், மயக்கம் தரும் மருந்து அளவுக்கு மேல் உள்ளே போனால் குழந்தைக்கு என்ன ஆகும், எப்படிக் கண்டுபிடிப்பது, ஆம்புலன்ஸ் வரும் வரை என்ன செய்வது, ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள் என்று இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

டெல்லியில் நடந்தது என்ன?

2021-ல் டெல்லியில் சாதாரண இருமலுக்காகச் சில குழந்தைகளை மொஹல்லா கிளினிக்குகளுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே எழுதிக்கொடுத்தது டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் என்ற இருமல் மருந்து. மூளையில் இருமலைத் தூண்டும் பகுதியை அமுக்கி வைப்பதுதான் இதன் வேலை. அளவு மீறினால் மூச்சையும் சேர்த்து அமுக்கும்.

அந்த மருந்தின் பாதிப்போடு 16 குழந்தைகள் டெல்லி கலாவதி சரண் குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்தார்கள். அதில் 3 பேர் இறந்துபோனார்கள். 2021 டிசம்பரில் விஷயம் வெளியே வந்தது. 4 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு இந்த மருந்தை எழுதக்கூடாது என்று மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்ககம் டெல்லி அரசுக்குக் கடிதம் எழுதியது.

இதில் யாரும் திருட்டுத்தனமாக எதையும் கொடுக்கவில்லை. டாக்டர் எழுதிய மருந்தை அம்மா, அப்பா நம்பிக் கொடுத்தார்கள். அதனால், "எங்க வீட்ல தூக்க மாத்திரையே கிடையாது" என்று சொல்லி இந்தக் கட்டுரையைத் தள்ளிவிட முடியாது.

2023 டிசம்பரில் இன்னொரு உத்தரவு வந்தது. சளிக்குக் கொடுக்கும் குளோர்பெனிரமைன், பினைல்எப்ரின் இரண்டும் கலந்த மருந்தை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று பாட்டிலிலேயே அச்சிட வேண்டும் என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி சொன்னார்.

2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறக்கக் காரணமான கோல்ட்ரிஃப் சிரப் விவகாரம் வேறு. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்த மருந்தில் டைஎத்திலீன் கிளைகால் என்ற ரசாயனம் கலந்திருந்தது. அது முதலில் சிறுநீரகத்தைத்தான் தாக்கும், குழந்தைக்குச் சிறுநீர் போவது குறையும். அந்தச் சமயத்தில் மத்திய அரசு சொன்ன அறிவுரை மட்டும் இங்கேயும் பொருந்தும்: 2 வயதுக்குள் இருமல், சளி மருந்து எழுதவே கூடாது. 5 வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை.

எந்தெந்த மருந்துகளில் கவனம் வேண்டும்?

• தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை: அல்பிரசோலம், டயஸிபாம், குளோனஸிபாம், நைட்ரஸிபாம், சோல்பிடெம்.

• வலிப்பு மருந்து: பீனோபார்பிட்டோன், குளோபாஸாம். வீட்டில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு மருந்து ஓடினால், அதை இன்னொரு பிள்ளை எடுத்துக் குடிக்கும் ஆபத்து உண்டு.

• அலர்ஜி, சளி மருந்து: குளோர்பெனிரமைன், பெனிரமைன், புரோமெத்தசின். கடைகளில் "அவில்" என்று கேட்டு வாங்குவது பெனிரமைனைத்தான். புரோமெத்தசினை 2 வயதுக்குள் கொடுத்தால் மூச்சு நின்றுபோகலாம் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2004-லேயே கடும் எச்சரிக்கை கொடுத்தது.

• வலி மருந்து: டிரமடால், டபென்டடால், கோடீன். டிரமடால், கோடீன் இரண்டையும் 12 வயதுக்குள் கொடுக்கவே கூடாது என்று எஃப்.டி.ஏ. 2017-ல் சொன்னது.

• மனநல மருந்து: ஓலன்சபின் போன்றவை.

• சுகர் மாத்திரை: இது தூக்க மருந்து இல்லை. ஆனால் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகையில் ஒரே ஒரு மாத்திரை போதும், சின்னப் பிள்ளைக்குச் சர்க்கரை அளவு கீழே விழுந்து மயக்கம் வர. அதுவும் பல மணி நேரம் கழித்து வரலாம்.

"ஒரு மாத்திரைதானே..." ஏன் ஆபத்து?

ஒரு சின்னக் கணக்கு. 60 கிலோ எடையுள்ள பெரியவர் 5 மில்லிகிராம் டயஸிபாம் போட்டால், ஒரு கிலோ எடைக்குக் கிடைப்பது 0.1 மில்லிகிராமுக்கும் குறைவு. அதே மாத்திரையை 10 கிலோ குழந்தை விழுங்கினால் கிலோவுக்கு அரை மில்லிகிராம். அதாவது 6 மடங்கு. பெரியவருக்கு நல்ல தூக்கம் தரும் மாத்திரை, குழந்தைக்கு ஆறு மாத்திரை போட்ட மாதிரி.

அதோடு குழந்தையின் நாக்கும் தொண்டைத் தசைகளும் மயக்கத்தில் தளர்ந்தால் மூச்சுக்குழாய் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். இந்த வகை மருந்துகளில் பெரும்பாலும் உயிர் போவது மூச்சு நிற்பதால்தான். மூச்சை மட்டும் காப்பாற்றிவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் முழுசாகப் பிழைத்துக்கொள்வார்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வைக்க வேண்டும் என்றால் அது இதுதான்.

தூக்கமா, மயக்கமா? வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

முதலில் எழுப்பிப் பாருங்கள். டாக்டர்கள் நான்கு படிகளாகப் பார்ப்பதை நாமும் பார்க்கலாம்.

1. தானாக முழித்து உங்களைப் பார்க்கிறதா?
2. பேர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டால் முழிக்கிறதா?
3. காது மடலைக் கிள்ளினால் அழுகிறதா, கையைத் தட்டிவிடுகிறதா?
4. எதற்குமே அசைவில்லையா?

தூங்கும் குழந்தை இரண்டாவது படியிலேயே சிணுங்கும், முகத்தைச் சுளிக்கும், அம்மாவைத் தேடும். கண்ணைத் திறந்துவிட்டு உடனே சொருகிக்கொண்டால், கிள்ளினால் மட்டும் முனகினால், அது சாதாரணத் தூக்கம் இல்லை. நான்காவது படி என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

அடுத்து மூச்சை எண்ணுங்கள். சட்டையைத் தூக்கிவிட்டு, போனில் நேரம் பார்த்து, முழுசாக ஒரு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். 1 வயதுக்குள் நிமிடத்துக்குச் சுமார் 30 முதல் 50, 1 முதல் 5 வயது வரை சுமார் 20 முதல் 40, அதற்கு மேல் பள்ளி வயதில் சுமார் 18 முதல் 25 இருக்கும். இதைவிட நன்றாகக் குறைந்திருந்தாலோ, விட்டு விட்டு மூச்சு வந்தாலோ, குறட்டை மாதிரி, களகளவென்று சத்தம் வந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ ஆபத்து.

மற்ற அடையாளங்கள்:

• தூக்கினால் கைகால் துவண்டு விழுவது.
• நடக்கிற பிள்ளை தள்ளாடுவது, வாய் குழறுவது.
• வாந்தி, எச்சில் வழிவது, உடம்பு சில்லிட்டுப்போவது.
• கண்ணின் கருமணி ஊசிமுனை அளவு சுருங்கினால் டிரமடால், கோடீன் வகையாக இருக்கலாம்.
• கருமணி விரிந்து, வாய் உலர்ந்து, உடம்பு சுட்டு, பிள்ளை இல்லாத ஒன்றைப் பிடிக்கப் போவது போலக் கையாட்டினால் அலர்ஜி மருந்தாக இருக்கலாம். ஊமத்தங்காய் தின்றாலும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்.

ஒன்று கவனிக்க வேண்டும். சில பிள்ளைகள் முதலில் தூங்காமல் ஆட்டம் போடும், காரணமில்லாமல் அழும். மருந்து உள்ளே போனதற்கு இதுவும் அடையாளம்தான்.

எல்லா மயக்கமும் மாத்திரையால் வருவதா?

இல்லை. நம்ம பக்கத்து மண்ணில் வேறு சிலவற்றையும் யோசிக்க வேண்டும்.

தரையில் படுத்திருந்த பிள்ளை காலையில் இமை தூக்க முடியாமல், விழுங்க முடியாமல், தூக்கக் கலக்கம் மாதிரி இருந்தால் கட்டுவிரியன் கடித்திருக்கலாம். அதன் கடித் தடம் பல நேரம் கண்ணுக்கே தெரியாது. பருத்தி, மிளகாய்க் காட்டுக்கு அடித்த பூச்சிமருந்து என்றால் கருமணி சுருங்குவதோடு வியர்வை, எச்சில், நுரை, மருந்து வாடை எல்லாம் சேர்ந்து வரும். காய்ச்சலோடு மயக்கம், கீழே விழுந்து தலையில் அடி, வலிப்பு வந்து ஓய்ந்த பிறகு வரும் களைப்பு ஆகியவையும் உண்டு.

எது என்று வீட்டில் நீங்கள் முடிவு பண்ண வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் முதல் வேலை ஒன்றுதான்: மூச்சைப் பார்ப்பது, 108-ஐக் கூப்பிடுவது.

உடனே செய்ய வேண்டியது என்ன?

1. வாயில் மிச்சம் மாத்திரை இருந்தால், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் விரலால் எடுங்கள். தெரியாததைத் தொண்டைக்குள் விரல் விட்டுத் தேடாதீர்கள்.

2. மூச்சு இருக்கிறது, ஆனால் மயக்கம் என்றால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலை லேசாகப் பின்னால் சாய்ந்து, வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். வாந்தி வந்தாலும் புரையேறாமல் வெளியே போய்விடும்.

3. 108-க்கு அடியுங்கள். ஊர்ப் பேரோடு அடையாளம் சொல்லுங்கள். "கண்மாய்க்கரைக்குப் பக்கத்துல, பிள்ளையார் கோயில் எதிர்ல" என்று சொன்னால் வண்டி தேடி அலையாது. ஒரு ஆளை மெயின் ரோட்டில் நிறுத்துங்கள். போனை வைக்காமல் அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள்.

4. மூச்சு இல்லை என்றால் முதலுதவியை நீங்களேதான் ஆரம்பிக்க வேண்டும். சமமான தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வேகத்தில் அழுத்துங்கள். 30 தடவை அழுத்தியதும் 2 தடவை வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும். கைக்குழந்தைக்கு இரண்டு விரலால் சுமார் 4 செ.மீ. ஆழம், வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி ஊத வேண்டும். பெரிய பிள்ளைக்கு ஒரு கையால் சுமார் 5 செ.மீ. ஆழம் அழுத்தலாம். 108 வரும்வரை நிறுத்தக் கூடாது.

5. மாத்திரை அட்டை, பாட்டில், மருந்துச் சீட்டு, வாந்தி எடுத்திருந்தால் அந்தத் துணி எல்லாவற்றையும் பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். அட்டையில் எத்தனை குறைகிறது, கடைசியாகப் பிள்ளையை நன்றாகப் பார்த்தது எத்தனை மணிக்கு என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தயாராக இருக்கட்டும். பிள்ளையின் எடை தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.

விஷ முறிவு பற்றிக் கேட்க டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய விஷத் தகவல் மையம் 24 மணி நேரமும் இருக்கிறது. கட்டணமில்லா எண் 1800 116 117. பிள்ளை தெளிவாக இருக்கும்போது சந்தேகம் கேட்க இது உதவும். மயங்கிய பிள்ளை என்றால் முதலில் 108 மட்டும்தான்.

செய்யக்கூடாதவை

• உப்புத்தண்ணி, சோப்புத்தண்ணி, சாணிக் கரைசல், புளிக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மயக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். உப்புத்தண்ணி அதுவே தனி விஷம். ஒரு காலத்தில் வீட்டில் வாந்தி மருந்து வைத்திருக்கச் சொன்ன அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே 2003-ல் அதைக் கைவிடச் சொல்லிவிட்டது.

• "கடுங்காப்பி கொடுத்தா தெளிஞ்சிடும்", "பால் குடிச்சா முறிஞ்சிடும்" என்பதெல்லாம் வேலைக்கு ஆகாது. மயங்கிய வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

• தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள். மயக்கத்தில் உடம்பு ஏற்கெனவே குளிர்ந்துபோயிருக்கும்.

• "தூங்கித் தெளியட்டும்" என்று காத்திருக்காதீர்கள். மாத்திரை முழுங்கியதை நீங்கள் பார்த்திருந்தால், பிள்ளை ஓடி விளையாடினாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

பெரிய ஆஸ்பத்திரியைத் தேடி நேராக மதுரைக்கு ஓடுவதுதான் பலர் செய்யும் தவறு. மூச்சு குறைந்த பிள்ளைக்கு அந்த வழி ரொம்ப நீளம். நரிக்குடி, ம.ரெட்டியபட்டி, திருச்சுழி என்று பக்கத்தில் எந்த அரசு ஆஸ்பத்திரியோ ஆரம்ப சுகாதார நிலையமோ திறந்திருக்கிறதோ, முதலில் அங்கே போய் ஆக்சிஜனும் மூச்சு கொடுக்கும் பையும் கிடைக்கச் செய்ய வேண்டும். அங்கிருந்து அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனைக்கோ, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ அனுப்புவதை டாக்டர்களே பார்த்துக்கொள்வார்கள். 108-ல் போனால் எங்கே போக வேண்டும் என்பதை அந்த ஊழியர்களிடமே விடுங்கள்.

அங்கே என்ன சிகிச்சை?

முதலில் மூச்சுப் பாதையைச் சுத்தம் செய்து ஆக்சிஜன் வைப்பார்கள். மூச்சு போதவில்லை என்றால் பையை அழுத்தி மூச்சு கொடுப்பார்கள், தேவைப்பட்டால் குழாய் போட்டு வென்டிலேட்டர். விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள். குறைந்திருந்தால் குளுக்கோஸ் ஏறும்.

முறிவு மருந்து எல்லாவற்றுக்கும் கிடையாது. டிரமடால், கோடீன் வகைக்கு நலாக்சோன் இருக்கிறது. போட்ட சில நிமிடங்களில் பிள்ளை கண் திறந்து பார்க்கும். ஆனால் ஒரு மணி நேரம் போல ஆனதும் அதன் வேலை குறைந்துவிடும், உள்ளே போன மருந்து இன்னும் இருக்கும். மறுபடி மயக்கம் வரும். "முழிச்சிட்டான், கிளம்பலாம்" என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டிவருவது ஆபத்தாக முடிவது இங்கேதான்.

டயஸிபாம், அல்பிரசோலம் வகைக்கு ஃபுளுமஸெனில் என்ற முறிவு மருந்து உண்டு. ஆனால் வலிப்பைத் தூண்டிவிடலாம் என்பதால் டாக்டர்கள் யோசித்துத்தான் தொடுவார்கள். பெரும்பாலும் மூச்சைக் காவல் காத்து, மருந்து தானாக வடியும்வரை பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சை. "ஒண்ணுமே பண்ணாம சும்மா படுக்க வச்சிருக்காங்க" என்று சண்டை போட வேண்டாம். அந்தக் கண்காணிப்பே வைத்தியம்தான்.

கரித்தூள் மருந்து கொடுப்பது, முழுங்கி ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் வந்த, தெளிவாக இருக்கும் பிள்ளைக்கு மட்டும்தான் பெரும்பாலும் உதவும். குழாய் போட்டு வயிறு கழுவுவது இப்போது ரொம்பக் குறைவு. சுகர் மாத்திரை என்றால் பிள்ளை நன்றாக இருந்தாலும் ஒரு நாள் முழுக்கவாவது வைத்துப் பார்ப்பார்கள்.

"போலீஸ் கேஸ் ஆகிடுமோ?"

ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். விஷம், மருந்து அளவு மீறல் எல்லாவற்றுக்கும் இது வழக்கமான நடைமுறை. இதற்குப் பயந்து "காலையிலிருந்து காய்ச்சல்" என்று மாற்றிச் சொன்னால், டாக்டர் காய்ச்சலுக்கு வைத்தியம் பார்ப்பார். போகும் ஒவ்வொரு நிமிடமும் பிள்ளையின் கணக்கில்தான் போகும்.

சில வீடுகளில் இது விபத்தாக இருக்காது. ராத்திரி முழுக்க அழுத பிள்ளை, காலையில் வேலைக்குப் போயே ஆக வேண்டிய அம்மா, "அரை மூடி சளி மருந்து கொடு, தூங்கிடும்" என்று யாரோ சொன்ன யோசனை. ஜாதிக்காயைக் கூடுதலாக இழைத்துக் கொடுப்பது, கசகசா அரைத்துக் கொடுப்பது, நாக்கில் பிராந்தி தடவுவது எல்லாமே இந்த வரிசைதான். 1920-களில் பம்பாய் மில்களில் வேலை பார்த்த பெண்கள், வேலை நேரம் முழுக்கப் பிள்ளை தூங்க வேண்டும் என்று அபின் கலந்த உருண்டை கொடுத்ததை அன்றைய விசாரணைகள் பதிவு செய்திருக்கின்றன. அவர்கள் பிள்ளைமேல் பாசம் இல்லாதவர்கள் இல்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்கள். உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது கொடுத்திருந்தால், டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.

வேண்டுமென்றே குழந்தைக்குப் போதை கொடுப்பது வேறு. டாக்டர் எழுதாமல் குழந்தைக்குப் போதைப்பொருளோ மனமயக்க மருந்தோ கொடுத்தால் சிறார் நீதிச் சட்டம் 2015-ன் 77-வது பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பஸ் ஸ்டாண்டில், சிக்னலில் பிச்சை கேட்பவர் தோளில் ஒரு குழந்தை எந்தச் சத்தத்துக்கும் முழிக்காமல் தொங்கினால் 1098-க்குச் சொல்லலாம்.

வராமல் தடுக்க

• மாத்திரை சுருக்குப்பையிலும் தலையணைக்கு அடியிலும் வேண்டாம். பிள்ளை ஏற முடியாத உயரத்தில், பூட்டு போட்ட டப்பாவில் இருக்கட்டும். பூட்டுச் சாவிதான் சுருக்குப்பையில் இருக்க வேண்டும்.

• "மிட்டாய் மாதிரி இருக்கும், வாயைத் திற" என்று சொல்லி மருந்து கொடுக்காதீர்கள். பிள்ளைக்கு முன்னால் பெரியவர்கள் மாத்திரை போடுவதையும் தவிருங்கள்.

• சமையல் கரண்டியில் அளக்காதீர்கள். பாட்டிலோடு வந்த மூடியோ அளவுக் குழலோதான். ஒரு டீஸ்பூன் என்றால் 5 மில்லி.

• சொட்டு மருந்தும் சிரப்பும் ஒன்றல்ல. உதாரணத்துக்குப் பாராசிட்டமால் சொட்டு மருந்தில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம், சாதாரண சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். சொட்டு மருந்தை சிரப் அளவில் ஊற்றினால் 4 மடங்கு உள்ளே போகும். சளி மருந்திலும் இதே குழப்பம் நடக்கும்.

• அண்ணனுக்கு எழுதிய சிரப்பைத் தம்பிக்குக் கொடுக்காதீர்கள். இரண்டு டாக்டர் எழுதிய இரண்டு சளி மருந்தில் ஒரே மருந்து வேறு பேரில் இருக்கலாம்.

• அல்பிரசோலம், டயஸிபாம், டிரமடால் எல்லாம் 2013-ல் வந்த ஹெச் 1 பட்டியலில் இருப்பவை. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, கடையில் வாங்கியவர் பேரைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருந்தால், அது பூட்டுக்குள் இருக்க வேண்டிய மருந்து.

இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளையெல்லாம் தரையில் பரப்பி, யாருடையது, எதற்கு என்று பாருங்கள். காலாவதி ஆனதைத் தனியாக எடுத்துவையுங்கள். மிச்சத்தை டப்பாவில் போட்டுப் பூட்டுங்கள். பத்து நிமிட வேலைதான்.